அண்ணன் ஐ.பி. (கோர்ட்டில் திவால் மனு) போட வேண்டிய நிலைமை, இலவச வக்கீல் எங்கே கிடைப்பார்?

பனியன்_இளையவன்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. அண்ணனுக்காகக் கேட்கிறேன். திருப்பூரில் சின்னதாக ஜாப் ஒர்க் (கூலிக்குத் தைத்துத் தரும்) யூனிட் வைத்திருந்தார். ஒரு பெரிய பார்ட்டி பில் பணத்தைத் தராமல் இழுத்தடித்ததில் வாரச் சம்பளம் போடவே கடன், அந்தக் கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன் என்று போய், இப்போது மொத்தம் 19 லட்சத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. இதில் ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின் மேல் வாங்கிய பேங்க் லோன் இருக்கிறது, இரண்டு ஃபைனான்ஸ் கம்பெனியில் பர்சனல் லோன், தெரிந்தவர்களிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கியது, ஜிஎஸ்டி பாக்கி கொஞ்சம். ஒருவருக்கு செக் கொடுத்து அது ரிட்டர்ன் ஆகிவிட்டது. இது போதாதென்று அண்ணி பெயரில் குழுக் கடன் வேறு. இப்போது அண்ணன் இன்னொரு கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறார்.

ஒரு புரோக்கர் வந்து 45 ஆயிரம் கொடுங்க, மஞ்சள் நோட்டீஸ் (திவால் மனு போட்டதாகக் கடன் கொடுத்தவர்களுக்குப் போகும் நோட்டீஸ்) அனுப்பிவிடலாம், அதற்குப் பிறகு ஒருத்தரும் வாசலுக்கு வரமாட்டார்கள் என்கிறார். ஊரில் இருக்கிற மூன்று சென்ட் இடத்தை முதலில் அம்மா பெயருக்கு மாற்றிவிடுங்கள் என்றும் சொல்கிறார். கடன்காரர்களுக்குக் கொடுக்கவே இல்லாதவர் 45 ஆயிரத்துக்கு எங்கே போவார்? இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிற ஏற்பாடு அரசாங்கத்தில் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். இந்த மாதிரி கேஸுக்கும் கிடைக்குமா, யாரைப் பார்க்க வேண்டும்?

கோர்ட்வாசல்:
கிடைக்கும் தம்பி. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று போர்டு இருக்கும், அங்கே போங்க. தாலுகா கோர்ட்டு இருக்கிற ஊர்களில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும், அதுவும் போதும். போவதற்கு முன்னால் பேச வேண்டுமென்றால் 15100க்கு அடிங்க, தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண்.

இது தானம் தருகிற மாதிரி ஏதோ பாவம் பார்த்துச் செய்வதில்லை. 1987ஆம் வருஷச் சட்டத்தின் 12ஆவது பிரிவில் யார் யாருக்கு உரிமை என்று எழுதியே இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளிகள், காவலில் இருப்பவர்கள், வெள்ளம் வறட்சி மாதிரி பேரிடரில் அடிபட்டவர்கள், இவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்றே பார்க்கக் கூடாது. மற்றவர்களுக்குத்தான் வருமான வரம்பு, தமிழ்நாட்டில் வருஷத்துக்கு 3 லட்சம். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற உங்கள் அண்ணன் அதற்குள் வந்துவிடுவார் என்றுதான் நினைக்கிறேன். வக்கீல் பீஸ் மட்டும் இல்லை, கோர்ட் பீஸ், நோட்டீஸ் செலவு, நகல் எடுக்கிற செலவு எல்லாமே அவர்கள் பொறுப்பு. கடனாளியாகப் போய் நிற்கிறோமே என்று கூச்சப்படாமல் போகச் சொல்லுங்க.

நாகை_தம்பி:
சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. என் மாமா கேஸில் இலவச வக்கீல் என்று ஒருவரைப் போட்டுக் கொடுத்தார்கள், அவர் வாய்தாவுக்கே வரமாட்டார், போன் அடித்தால் எடுக்கமாட்டார், கடைசியில் நோட்டீஸ் செலவுக்கு என்று கையில் பணமும் வாங்கிக்கொண்டார். காசு கொடுத்து நல்ல வக்கீலைப் பார்ப்பதுதான் மேல். புரோக்கரிடம் மட்டும் போகாதீங்க.

பேனல்_வக்கீல்:
நாகை தம்பி சொல்வது நடக்காத விஷயம் இல்லை, அதனால்தான் இதற்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. நானே ஒரு மாவட்டத்தில் பேனலில், அதாவது ஆணைக்குழுவின் இலவச வக்கீல் பட்டியலில் இருக்கிறேன். எங்களுக்கான பீஸை ஆணைக்குழு தருகிறது, கட்சிக்காரரிடம் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. வாங்கினால் ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். அவர் நீதித்துறை அதிகாரி, சீனியர் சிவில் ஜட்ஜ் அந்தஸ்தில் இருப்பவர், தலைவராக இருப்பவர் முதன்மை மாவட்ட நீதிபதி. வக்கீலை மாற்றித் தரச் சொல்லியும் மனு கொடுக்கலாம், மாற்றித் தருவார்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் இலவசம்தானே, எதற்குக் கேட்பது என்று பேசாமல் வந்துவிடுகிறார்கள், அதில்தான் கேஸ் கெட்டுப்போகிறது. கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேனலில் எல்லாரும் ஐ.பி. போடுகிறவர்கள் இல்லை. குடும்ப வழக்கு, ஜாமீன் என்றே பார்க்கிறவர்கள் நிறையப் பேர். மனு கொடுக்கும்போதே, திவால் மனு தாக்கல் செய்ய வேண்டும், சிவில் பக்கம் பழக்கமுள்ள வக்கீலை நியமியுங்கள் என்று ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள். அந்த ஒரு வரியால் பாதி அலைச்சல் குறையும்.

அப்புறம் அந்த மூன்று சென்ட் இடம். தயவுசெய்து அம்மா பெயருக்கு மாற்றிவிடாதீர்கள். இதைப் பெரிய எழுத்தில் எழுத முடிந்தால் எழுதியிருப்பேன். மாவட்டங்களில் இன்னும் நடைமுறையில் இருப்பது 1920ஆம் வருஷத்து மாகாண திவால் சட்டம். அதன் 53ஆவது பிரிவுப்படி, மனு போடுவதற்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் நியாயமான விலை வாங்காமல் சொத்தை யாருக்காவது மாற்றியிருந்தால் அந்தப் பத்திரத்தை ரிசீவர் (திவாலானவரின் சொத்தைப் பொறுப்பெடுக்க கோர்ட் நியமிப்பவர்) ரத்து செய்ய வைக்கலாம். சொத்தும் நிற்காது, நீதிபதி முன்னால் உங்கள் அண்ணனின் சொல்லும் நிற்காது. அதே மாதிரி, மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்தில் வேண்டிய ஒருவருக்கு மட்டும் கடனைத் தீர்த்து மற்றவர்களை விட்டுவிடுவதும் சிக்கல், அது 54ஆவது பிரிவு. அந்த யோசனையைச் சொன்ன புரோக்கர் கோர்ட்டில் வந்து நிற்கப்போவதில்லை, உங்கள் அண்ணன்தான் கூண்டில் ஏறிப் பதில் சொல்ல வேண்டும்.

பனியன்_இளையவன்:
ரொம்ப நன்றிங்க சார். இடத்தை மாற்றவில்லை, மாற்றவும் விடமாட்டேன். வருமானச் சான்று தாசில்தாரிடம் வாங்க வேண்டுமா? பழைய ஜிஎஸ்டி கணக்கில் லட்சக்கணக்கில் டர்ன் ஓவர் காட்டியிருக்கும், அதைப் பார்த்து தகுதி இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று அண்ணன் பயப்படுகிறார். அண்ணியின் குழுக் கடனையும் இதே மனுவில் சேர்க்கலாமா? செக் கேஸ் என்ன ஆகும்?

பேனல்_வக்கீல்:
டர்ன் ஓவர் வருமானம் ஆகாது. இன்றைய நிலையில் அவருக்கு வருஷத்துக்கு என்ன வருகிறது என்பதுதான் கணக்கு. சட்ட உதவிக்கான அந்த 1987 சட்டத்தின் 13ஆவது பிரிவில், வருமானத்தைப் பற்றி அவரே தரும் பிரமாண வாக்குமூலத்தைப் போதுமானதாக எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. சில அலுவலகங்களில் வருமானச் சான்றும் கேட்பார்கள், இ-சேவையில் போட்டு வைத்துக்கொள்வது நல்லது, ஆனால் அது வரும்வரை காத்திருக்காதீர்கள்.

அண்ணியின் கடன் அண்ணியின் கடன்தான். அண்ணன் மனுவில் அதைச் சேர்க்க முடியாது. ஆனால் அவர் பெண் என்பதால் வருமானமே பார்க்காமல் அவருக்குத் தனியாக வக்கீல் கிடைக்கும். பணத்துக்கான தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக ஒரு பெண்ணைக் கைது செய்யவே முடியாது, சிவில் நடைமுறைச் சட்டம் 56ஆவது பிரிவு. வசூலுக்கு வருகிறவர் ஜெயில் என்று மிரட்டினால் இதைத் தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள்.

செக் கேஸ் வேறு பாதை. செக் ரிட்டர்ன் ஆனதற்காக மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் போடும் கேஸ் கிரிமினல் பக்கம் போவதால் ஐ.பி. போட்டாலும் அது பாட்டுக்கு நடக்கும். நோட்டீஸ் கைக்கு வந்து 15 நாளுக்குள் பணம் கட்டவில்லை என்றால் அவர் கேஸ் போடலாம். அந்த நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதெல்லாம் உதவாது. அதற்கும் வக்கீல் வேண்டும் என்று சட்ட உதவி மனுவிலேயே தனியாகக் குறிப்பிடுங்கள். செக் கேஸ்கள் லோக் அதாலத்துக்கு (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) போய்த் தவணையில் முடிவதை அடிக்கடி பார்க்கிறோம், எதிர்த்தரப்பு சம்மதித்தால்.

மெஷின் லோன் விஷயத்தில் யாரும் ஆசை காட்டினால் நம்பாதீர்கள். அடமானக் கடனை ஐ.பி. தொடாது, பேங்க் மெஷினை எடுத்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி பாக்கியும் அப்படித்தான், அரசாங்கத்துக்குத் தர வேண்டியது கடைசியில் விடுவிப்பு உத்தரவு (கடன்களிலிருந்து விடுவித்து கோர்ட் போடும் உத்தரவு) கிடைத்தாலும் போகாது. ஆக இந்தச் சட்டத்தால் நிஜமாகப் பயன் கிடைப்பது புரோநோட்டுக்கும் பர்சனல் லோனுக்கும். அந்த இரண்டும் சேர்ந்து எவ்வளவு என்று தனியாகக் கூட்டிப் பாருங்கள். அது மொத்தத்தில் சின்னப் பங்காக இருந்தால் ஐ.பி. போடுவதே வீண்.

கைமாத்து_கொடுத்தவள்:
எல்லாரும் கடன் வாங்கியவர் பக்கமே பேசுகிறீர்கள். நான் கொடுத்தவள். வீட்டுக்காரர் இறந்த பிறகு வந்த பணத்தில் ஒரு பகுதியைத் தெரிந்த ஒருவருக்குப் புரோநோட்டில் கொடுத்தேன், ஒரு நாள் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது, எதிர்மனுதாரர் வரிசையில் என் பெயர் கடைசியில் இருந்தது. அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கியபோது என்ன செய்வதென்றே தெரியவில்லை. அவர் புது வண்டியில் போவதை அதற்குப் பிறகும் பார்த்திருக்கிறேன். இதற்கும் இலவச வக்கீலா?

கோர்ட்வாசல்:
அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. அதே இலவச வக்கீல் உங்களுக்கும் உண்டு, அதைத்தான் இங்கே யாரும் சொல்லவில்லை. நீங்கள் பெண், வருமான வரம்பு உங்களுக்கு இல்லை. நோட்டீஸ் வந்ததும் அதே ஆணைக்குழுவுக்குப் போய் எதிர்மனுதாரராக ஆஜராக வக்கீல் கேட்கலாம். கடனை நிரூபித்துப் பட்டியலில் உங்கள் தொகையைப் பதிய வைக்கலாம். அவர் சொத்தை மறைத்திருக்கிறார், வண்டி வாங்கியிருக்கிறார் என்பதையெல்லாம் விசாரணையில் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சொத்தை மறைப்பது, கணக்கை ஒளிப்பது எல்லாம் இந்தச் சட்டத்திலேயே குற்றம். மஞ்சள் நோட்டீஸ் வந்துவிட்டது, பணம் போச்சு என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்களால்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள். உங்கள் கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயர் போட்டுப் பாருங்கள், முடியாமல் இருந்தால் இப்போதும் போகலாம்.

கைமாத்து_கொடுத்தவள்:
இது எனக்குத் தெரியாது. ஒருத்தரும் சொல்லவில்லை. பார்க்கிறேன் ஐயா, நன்றி.

நாகை_தம்பி:
புதுச் சட்டம் வந்துவிட்டதே? 35 ஆயிரம் வரைக்கும் கடன் இருந்தால் மொத்தமாகத் தள்ளுபடி என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

பேனல்_வக்கீல்:
அது 2016 திவால் சட்டத்தில் இருக்கிற பகுதி. வருஷ வருமானம் 60 ஆயிரத்துக்குள், சொத்து 20 ஆயிரத்துக்குள், கடன் 35 ஆயிரத்துக்குள், சொந்த வீடு இல்லை என்றால் புதிதாகத் தொடங்கும் நடைமுறை. ஏட்டில் இருக்கிறது, ஆனால் சாதாரண ஆட்களுக்கு அந்தப் பகுதியை அமலுக்குக் கொண்டுவரவில்லை. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட தனிநபர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. அதனால் இளையவன் அண்ணன் மாதிரி சொந்தப் பெயரில் தொழில் செய்தவர்களுக்கு 1920 சட்டம்தான், சார்பு நீதிமன்றத்தில்தான் மனு.

சென்னைவாசி:
சென்னைக்கும் இதே மாதிரிதானா?

பேனல்_வக்கீல்:
சென்னை நகருக்குள் என்றால் 1909ஆம் வருஷச் சட்டம், மனு உயர் நீதிமன்றத்தில், சொத்தைக் கையில் எடுப்பவர் அபிஷியல் அசைனி. சட்ட உதவிக்கு உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழுவைப் பாருங்கள்.

பவானி_அக்கா:
இளையவன் தம்பி, நான் எங்க வீட்டுக்காரருக்காக ஆணைக்குழுவில் போய் மனு கொடுத்தவள், விசைத்தறி ஓட்டி நொடித்துப் போனது. நேரில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், கொஞ்சம் தைரியமாக இருக்கும். உள்ளே போனதும் ஒரு மேஜை, சட்டத் தன்னார்வலர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். விண்ணப்பம் தமிழிலேயே தருவார்கள். எழுத வராது என்றால் அவரே எழுதித் தருவார். பெயர், முகவரி, எந்தப் பிரிவில் தகுதி, என்ன கேஸ், இவ்வளவுதான். கடன் விவரத்துக்கு நான் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போனேன், யாரிடம் எப்போது எவ்வளவு, எவ்வளவு வட்டி கட்டியிருக்கிறோம், அவர் விலாசம் என்ன என்று பக்கத்துக்கு ஒரு ஆளாக எழுதி, அந்தப் பக்கத்திலேயே அவர் கொடுத்த ரசீதையோ ஜிபே அனுப்பிய படத்தையோ ஒட்டி வைத்திருந்தேன். எங்களுக்குப் போட்ட வக்கீலம்மா அதை வாங்கிப் புரட்டிவிட்டு, அன்றைக்கே மனு வரைய உட்கார்ந்துவிட்டார். வெறும் வாயால் சொல்லிக்கொண்டிருந்தால் அவர்களும் என்னதான் செய்வார்கள்.

ஒருத்தர் பெயரையும் விட்டுவிடாதீங்க. மாமன் மச்சானிடம் வாங்கியது, சீட்டு எடுத்த பாக்கி, எல்லாம். சொந்தக்காரர் பெயரைக் கோர்ட்டில் எழுத மனசு வராது, தெரியும். விட்டால் பின்னால் அதுவே வினையாகும். ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் யாராவது இருந்தால் அவரிடம் முதலில் போய்ச் சொல்லிவிடுங்க, ஏனென்றால் அண்ணனுக்கு விடுதலை கிடைத்தாலும் ஜாமீன்தாரருக்குக் கிடைக்காது. எங்கள் விஷயத்தில் அந்த மனுஷனுக்கு நாங்கள் முன்கூட்டியே சொன்னதால்தான் இன்றைக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறது.

கோர்ட்வாசல்:
அக்கா சொன்ன நோட்டுதான் சரி. இன்னும் ஒன்று, வட்டிக் கணக்கைச் சேர்த்து எழுதும்போது மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று ஏதாவது தெரிந்தால் வக்கீலிடம் சொல்லுங்க. 2003ஆம் வருஷக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, அதில் கடனாளி பணத்தைக் கோர்ட்டிலேயே கட்டவும் வழி உண்டு. ஃபைனான்ஸ் கம்பெனி ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னாலோ இரவு 7 மணிக்குப் பின்னாலோ போன் அடித்தால் அது ரிசர்வ் வங்கி விதிக்கு விரோதம், கம்பெனிக்கு எழுதிப் புகார் கொடுங்க, 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பு அதிகாரி) போகலாம், அதற்கும் காசு கிடையாது.

பனியன்_இளையவன்:
அக்கா, சார், எல்லாருக்கும் நன்றி. அண்ணனும் அண்ணியும் ஆணைக்குழுவுக்குப் போய்விட்டு வந்தார்கள். நோட்டு எழுதிக்கொண்டுதான் போனார்கள். வருமானத்துக்குப் பிரமாணப் பத்திரமே போதும் என்று வாங்கிக்கொண்டார்கள். சிவில் வக்கீல் வேண்டும் என்ற வரியையும் எழுதிக் கொடுத்தோம், ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். அவர் கணக்கைப் பார்த்துவிட்டு உடனே ஐ.பி. வேண்டாம், முதலில் இரண்டு ஃபைனான்ஸ் கம்பெனியையும் வழக்குக்கு முந்தைய லோக் அதாலத்துக்குக் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்போம், அவர்கள் வட்டியைக் குறைத்து முடித்தால் மீதி புரோநோட்டு ஆட்களிடம் தவணை கேட்கலாம், முடியவில்லை என்றால் ஐ.பி. போடலாம் என்றார். அண்ணனுக்கு இது சரியென்று படுகிறது. எனக்குத்தான் குழப்பம், நாள் போகப் போக யாராவது கைது வாரண்டு வாங்கிவிட்டால்?

பேனல்_வக்கீல்:
உங்கள் வக்கீல் சரியாகத்தான் யோசிக்கிறார். லோக் அதாலத்தில் எழுதும் முடிவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, அதனால் கட்ட முடிகிற தவணைக்கு மட்டும் தலையாட்டச் சொல்லுங்கள். அங்கே பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டுவிட்டு மூன்றாம் மாதம் தவறினால் நேராக நிறைவேற்று மனுதான் (தீர்ப்புப்படி பணத்தை வசூலித்துத் தரக் கேட்கும் மனு) வரும்.

கைதைப் பற்றி. புரோநோட்டை வைத்து நேராக யாரும் வாரண்டு வாங்க முடியாது. முதலில் வழக்கு, தீர்ப்பு, அப்புறம் நிறைவேற்று மனு. அதிலும் கட்ட வசதி இருந்தும் கட்டாமல் ஏமாற்றுகிறார் என்று கடன் கொடுத்தவர் காட்ட வேண்டும். இல்லாதவனை இல்லை என்பதற்காகவே சிறையில் போடக் கூடாது என்று 1980லேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியே பிடித்துக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தாலும், திவால் மனு போடலாம் என்று கோர்ட்டே அவரிடம் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் மனு போடுகிறேன் என்று ஜாமீன் கொடுத்தால் விடுவிக்கவும் முடியும். ஆகவே பயந்து அவசரப்பட வேண்டாம். ஆனால் கோர்ட் சம்மன் எது வந்தாலும் அன்றைக்கே வக்கீலுக்குக் காட்டுங்கள்.

ஒருவேளை பின்னால் ஐ.பி. போடுவதாக ஆனால் மூன்று விஷயம் ஞாபகம் இருக்கட்டும். மனு போட்ட உடனே எல்லாம் தானாக நின்றுவிடாது, இடைக்காலப் பாதுகாப்புக்குத் தனி மனு போட வேண்டும். திவாலானவர் என்று உத்தரவு வந்த பிறகுதான் கோர்ட் அனுமதியில்லாமல் புதிதாக வழக்குப் போட முடியாத நிலை வரும். அந்த உத்தரவிலேயே விடுவிப்பு மனு போட ஒரு கெடு குறித்திருப்பார்கள், அதைத் தவறவிட்டால் உத்தரவே ரத்தாகும், கடன்காரர்கள் திரும்பவும் கதவைத் தட்டலாம். நிறையப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள், முதல் உத்தரவோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து. சட்ட உதவி மனுவில் விடுவிப்பு வரைக்கும் என்று இப்போதே சேர்த்துவிட்டால் அப்போது புதிதாக வக்கீல் தேடி அலைய வேண்டியதில்லை.

பவானி_அக்கா:
அண்ணன் உட்கார்ந்து தைக்கிற மெஷின் சொந்தமா, அதுவும் லோனில் உள்ளதா தம்பி? எங்க வக்கீலம்மா, கைத்தொழில் செய்கிறவரின் கருவி, சமையல் பாத்திரம், துணிமணி, இதையெல்லாம் ஜப்தி செய்ய முடியாது என்று சொன்னார்.

பனியன்_இளையவன்:
வீட்டில் ஒரு பழைய தையல் மெஷின் சொந்தமானதுங்க அக்கா, அண்ணி அதில்தான் ஜாக்கெட் தைக்கிறார். மற்றதெல்லாம் லோன். அதைத் தனியாக எழுதி வக்கீலிடம் கொடுத்துவிடுகிறேன். லோக் அதாலத் தேதி வந்ததும் இங்கே எழுதுகிறேன். கைமாத்து அம்மா, உங்கள் கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தீர்களா?

கைமாத்து_கொடுத்தவள்:
பார்த்தேன் தம்பி. முடியவில்லை, விசாரணையில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை ஆணைக்குழுவுக்குப் போகிறேன், புரோநோட்டும் வந்த நோட்டீஸும் எடுத்து வைத்துவிட்டேன்.

பேனல்_வக்கீல்:
அசல் புரோநோட்டைக் கையில் கொடுத்துவிடாதீர்கள் அம்மா, நகல் கொடுங்கள். அசலைக் கோர்ட்டில் கேட்கும்போது மட்டும் காட்டினால் போதும். வட்டி வாங்கியதை அதன் பின்பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தப் பக்கத்தையும் சேர்த்து நகல் எடுங்கள், காலவரம்புக் கணக்குக்கு அதுதான் வேண்டும்.